இன்னொரு தேவர்பிரான்

கேள்வி சுருக்கமாக இது: "என் பெயர் அபூர்வமானது. பள்ளி, கல்லூரி, வேலை என்று எங்கேயும் அதே பெயரில் இன்னொருவரைப் பார்த்ததில்லை. போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் பார்த்தேன். சந்தோஷமா எரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை. எல்லாருக்கும் இப்படி இருக்குமா? அந்த ஆளைத் தேடிப் பேசலாமா?"

எல்லாருக்கும் இருக்காது. செந்தில், குமார், கார்த்திக் என்று பெயர் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே அவர்களுக்குப் புரியாது. ஒன்றாம் வகுப்பிலேயே எஸ். செந்தில், எம். செந்தில் என்று இன்ஷியலை வைத்துப் பிரிக்கப்பட்டு, பெயரைப் பங்கு போட்டுக்கொள்ளப் பழகிவிட்டவர்கள் அவர்கள். அரிய பெயர்க்காரருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. முப்பதிலோ நாற்பதிலோ முதல்முறையாக வந்து சேரும்போது ஒரு மாதிரிதான் இருக்கும்.

என் பெயர் தேவர்பிரான். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரன் என்பதை இந்தப் பெயரே சொல்லிவிடும். ஆனால் அது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் கேட்கும். சென்னையில் பெயரின் முதல் பாதியைக் கேட்டதுமே சிலர் என் சாதியை முடிவு செய்துவிடுவார்கள். இரண்டாம் பாதி அவர்கள் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை. வடநாட்டு சக ஊழியர்களுக்கோ தேவர் என்றால் கொழுந்தன், அவர்கள் வேறு காரணத்துக்காகச் சிரிப்பார்கள். டோக்கன் போட்டுக் கூப்பிடும் எந்த இடத்திலும் என் முறை வரும்போது அந்தப் பக்கம் ஒரு சின்னத் தயக்கம் கேட்கும். அந்தத் தயக்கத்தைக் கேட்டே எழுந்துவிடுவேன். இப்படி வாழ்பவனுக்குத் தன் பெயர் தனக்கு மட்டும் போட்ட பட்டா என்ற நினைப்பு வராமல் இருக்காது.

காது விஷயத்தில் ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1959இல் நெவில் மோரே என்ற உளவியலாளர், ஆட்களுக்கு இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சைக் கொடுத்து, ஒரு காதில் கேட்பதை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்ற காதில் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டும் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆனால் அந்தக் காதில் அவரவர் பெயர் வந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கவனித்துவிட்டார்கள். பெயருக்கு மட்டும் மனம் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்றால், நாலரை மாதக் குழந்தை மற்றப் பெயர்களைவிடத் தன் பெயர் ஒலிக்கும் பக்கம் அதிக நேரம் கவனம் வைக்கிறது என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். பொதுப் பெயர்க்காரர் காலப்போக்கில் அந்த வாசலைப் பாதி சாத்திக்கொள்வார். கடைத்தெருவில் 'குமார்' என்று சத்தம் கேட்டால் அது தனக்கில்லை என்று அனுபவத்தில் தெரியும். எனக்கு அப்படி இல்லை. 'தேவர்பிரான்' என்று உலகத்தில் எங்கே சத்தம் வந்தாலும் அது எனக்குத்தான். அது எனக்கில்லாமல் போன முதல் தடவை, திரும்பிய கழுத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

சத்தமாக வந்தால் அவ்வளவுதான், ஒரு நொடியில் தீர்ந்துவிடும். எழுத்தாக வந்தால்தான் சிக்கல். நம் ஊரில் பெயர்கள் எழுத்தாகத் தொங்கும் இடங்கள் அதிகம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று ஒருவர் இருப்பார். மண்டபத்துப் பளிங்குக் கல்லில் தொகையோடு இருப்பார். ரயில் பெட்டியில் சார்ட் ஒட்டிய காலத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் வாசலில் இருப்பார். இதில் எதுவும் என்னை அவ்வளவு அசைக்கவில்லை. அசைத்தது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சுவரில் பார்த்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். என் பெயர், பெரிய எழுத்தில். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள்.

பயம் வரவில்லை. முதலில் வந்தது ஒரு அற்பமான ஆர்வம்: ஆள் எப்படி இருக்கிறார்? நல்ல மீசை, நெற்றியில் திருமண், கொஞ்சம் கோபக்காரர் போன்ற பார்வை. இந்தப் பெயருக்குப் பொருந்துகிற முகம்தான் என்று மனசு சான்றிதழ் கொடுத்தது. அப்புறம் வயதைக் கணக்குப் போட்டேன், நிறைவான வாழ்வு என்று தெரிந்ததும் நிம்மதி. அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கே வேடிக்கையாக இருந்தது. போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்த மகன்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பேரன்மாரில் ஒரு தேவர்பிரான் இருக்கிறானா என்று தேடினேன். இல்லை. எல்லாம் இரண்டெழுத்து மூன்றெழுத்துப் பெயர்கள். யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம் வந்தது.

ஏன் பேரனைத் தேடினேன் என்றால், எனக்குப் பெயர் வந்த வழி அதுதான். எங்கள் பக்கம் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அதோடு இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்: வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். மாமியார் தன் கணவர் பெயரைச் சொல்லமாட்டார். ஆகவே தாத்தா பெயரைச் சுமக்கிற பையனை வீட்டுப் பெண்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. எங்கள் ஆச்சிக்கு நான் 'ஐயா'. அம்மாவுக்கு 'துரை'. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப்பதிவேட்டை விரித்துக் கூப்பிட்டபோதுதான் என் முழுப்பெயர் எனக்காக ஒலித்தது. அதுவரை அது தாத்தாவின் பெயர், கடிதங்களின் மேல் எழுதி வருகிற பெயர். யோசித்துப் பார்த்தால், என் பெயரை வேறு ஒருவரிடம் பார்ப்பது எனக்குப் புதிதே இல்லை. முதலில் பார்த்ததே வேறு ஒருவரிடம்தான். நடுவில் நகரத்துக்கு வந்து, சுற்றிலும் யாருக்கும் இல்லாததால் 'என்னுடையது' என்று ஆகிவிட்டது.

உங்கள் பெயரையும் ஒருமுறை இந்தக் கண்ணால் பாருங்கள். தமிழ்நாட்டில் அபூர்வம் என்று நாம் நினைக்கும் பெயர்களில் பாதிக்கு மேல் அபூர்வமே இல்லை, இடம் மாறி வந்தவை. இதை நான் கணக்கெடுத்துச் சொல்லவில்லை, ஊர் ஊராகப் பெயர்களைக் கவனிக்கும் பழக்கத்தில் சொல்கிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது பெருமாள் கோயில்கள், நவதிருப்பதி. ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான், திருக்கோளூரில் வைத்தமாநிதி, பெருங்குளத்தில் மாயக்கூத்தன், தென்திருப்பேரையில் மகர நெடுங்குழைக்காதன், திருப்புளிங்குடியில் காய்சினவேந்தன், ஆழ்வார்திருநகரியில் பொலிந்துநின்றபிரான். தொலைவில்லிமங்கலம் என்கிற இரட்டைத் திருப்பதியில் அரவிந்தலோசனனும் எங்கள் ஆளும். பாசுரத்தில் தேவபிரான், வழக்கில் தேவர்பிரான். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது பேரும் கருடன் மேல் வந்து கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று 'ஏ கள்ளபிரான்!' என்று கூப்பிட்டால் சாமியும் திரும்பும், நாலு ஆட்களும் திரும்புவார்கள். என் வகுப்பில் வைத்தமாநிதி இருந்தான், குழைக்காதன் இருந்தான், யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்த்ததில்லை. அதே குழைக்காதனைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய் விட்டால் பெயரைக் கேட்பவர் இரண்டு தடவை கேட்பார்.

இது வைணவத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. குற்றாலம் பக்கம் குற்றாலிங்கம், கழுகுமலைக்குக் கழுகாசலமூர்த்தி, பாபநாசத்துக்கு உலகம்மாள், சீர்காழிக்குச் சட்டநாதன், திருக்கண்ணபுரத்துக்குச் சௌரிராஜன், திருச்சிக்குத் தாயுமானவன், மட்டுவார்குழலி. தென்கோடியில் தெருவுக்குத் தெரு இசக்கியும் சுடலையும். இப்படிப்பட்ட பெயர் ஒரு முகவரி மாதிரி. வெளியூரில் அதைப் பார்க்கும்போது நமக்கு வருகிற அந்த 'ஒரு மாதிரி' உணர்ச்சியில் பெரும்பங்கு, ஊர் நினைப்பு. வேறொருவன் என் பெயரைத் திருடிவிட்டான் என்ற எரிச்சல் முதல் சில நொடிகளுக்குத்தான். அதற்குள் வாய் 'இவர் எந்தப் பக்கம்?' என்று கேட்க ஆரம்பித்துவிடும்.

உங்கள் பெயர் இந்த வகையாக இல்லாமல், வீட்டில் யோசித்து உண்டாக்கிய தனித்தமிழ்ப் பெயராகவோ, தூரதேசத்துத் தலைவர் பெயராகவோ இருக்கலாம். அப்படியானால் உணர்ச்சி கொஞ்சம் வேறு. வேதாசலம் மறைமலை ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் அந்தந்த நேரத்தில் ஒற்றை மனிதரின் முடிவு. பிறகு ஊரெல்லாம் நெடுஞ்செழியன், ஊரெல்லாம் அன்பழகன். 1953 மார்ச் 1 அன்று பிறந்த குழந்தைக்கு, அதே வாரம் மாஸ்கோவில் இறந்த தலைவரின் பெயரை வைத்ததால் இன்று தமிழ்நாட்டில் அந்தப் பெயர் யாருக்கும் அந்நியமாகத் தெரியவில்லை. இந்த வகைப் பெயர்க்காரர்கள் தங்கள் பெயரை இன்னொருவரிடம் பார்த்தால் 'இவர் வீட்டிலும் நம் வீட்டு மாதிரி ஒரு அப்பா இருந்திருக்கிறார்' என்று தோன்றும் என்கிறார்கள். ஊரைத் தேடாமல் கட்சியையோ கொள்கையையோ தேடுவார்கள். அதுவும் ஒரு வகைச் சொந்தம்தான்.

இனி புத்தகத்தில் பார்ப்பது. எனக்கு நடந்த சந்திப்புகளில் ரொம்ப இனிப்பானது இது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்தது. பத்துப்பாட்டுச் சுவடி தேடி அவர் ஆழ்வார்திருநகரிக்கு வருகிறார். எங்கள் ஊர் வருகிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். லட்சுமண கவிராயர் வீட்டில் ஏடுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார், தேடியது கிடைக்கவில்லை. கவிராயருடைய மாமனார் வீட்டில் இருக்கலாம் என்று பேச்சு வருகிறது. மாமனார் பெயர் தேவர்பிரான் கவிராயர்.

வாக்கியத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே கண் அந்தப் பெயரைப் பிடித்துவிட்டது. பக்கத்தின் நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் தடித்த எழுத்தில் அச்சானது போல. அதற்குப் பிறகு கதையை நான் நடுநிலையாகப் படிக்கவே இல்லை. மாமனாருக்கும் மருமகனுக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லை என்று வருகிறது. ஐயோ, இந்த ஆள் ஏட்டைக் கொடுக்காமல் மடக்கி வைத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதைப்பு. நூறு வருஷத்துக்கு மேல் ஆன விஷயம், பத்துப்பாட்டு 1889இல் அச்சாகியும் விட்டது, ஏடு கிடைத்தது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் என் பெயர்க்காரர் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டுமே! கடைசியில் கோயில் உற்சவத்துக்கு நடுவே ஏடு கைக்கு வருகிறது. நிலா வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் முல்லைப்பாட்டு. தமிழ் இலக்கியம் பிழைத்தது பற்றி எல்லாரும் சந்தோஷப்படும் இடம் அது. எனக்கு மானம் பிழைத்த சந்தோஷமும் சேர்ந்துகொண்டது.

இந்த மானப் பிரச்சினைதான் அரிய பெயரின் உண்மையான சுமை. ஒரு திருட்டு வழக்குச் செய்தியில் 'செந்தில் (34) கைது' என்று வந்தால் நாட்டிலுள்ள மற்ற செந்தில்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பழி பல பேருக்குப் பிரிந்து போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். அபூர்வப் பெயரில் வந்தால் அப்படியே நம் தலையில் இறங்கும். சொந்தக்காரர்கள் போன் செய்து, "பேப்பர் பார்த்தியா?" என்று சிரிப்பார்கள். அதே கணக்கில், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்துப் பேப்பரில் வந்த பெண்ணுக்கு உங்கள் பெயர் இருந்தால் சும்மா இருந்த உங்களுக்கும் கொஞ்சம் பெருமை கிடைக்கும். இரண்டுக்கும் நாம் எதுவும் செய்யவில்லை.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் இன்ஷியல். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்ததும் பலர் அப்பா பெயரை அதில் போட்டுவிடுகிறார்கள். விளைவு: அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு பெண்ணின் பின்பெயராக உங்கள் பெயர் இருக்கும். அங்கே பள்ளிக்கூடத்தில் அவளை 'மிஸ்' போட்டு அந்தப் பெயரால் அழைப்பார்கள். மலேசியாவில் அடையாள அட்டையில் மகனுக்கும் அப்பாவுக்கும் நடுவே 'அனாக் லெலாக்கி' என்று வரும், சுருக்கமாக ஏ/எல். அங்கேயும் நம் பெயர் இரண்டாவதாகத்தான் தென்படும். இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பெயர் உள்ளவர்களே இல்லை, அந்தப் பெயர்க்காரரின் பிள்ளைகள். ஆங்கில எழுத்தில் தேடினால் இன்னும் வேடிக்கை. 'தே'க்கு ஒருவர் டி போடுவார், ஒருவர் டிஎச் போடுவார். 'பி'க்கு ஒருவர் பி, ஒருவர் பி ஃபார் பாம்பே. ஒரே கோயில் வாசலில் கிளம்பிய பெயர் நாலு வேறு பெயராகப் போய் உட்கார்ந்திருக்கும். அதனால் தேடுகிறவர்கள் தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் பல விதமாகச் சிலமுறை தேடுங்கள்.

சரி, தேடிக் கண்டுபிடித்தாயிற்று, பேசலாமா? பேசலாம். எதிர்ப்பக்கமும் பெரும்பாலும் வரவேற்பார்கள். 2004இல் ஜெர்ரி பர்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதித் தரும்படி உதவி கேட்பார். கேட்பவரும் தாமும் ஒரே பிறந்தநாள்காரர்கள் என்று நம்பியவர்கள் கூடுதலாகச் சம்மதித்தார்கள். ஒரே பெயர் உள்ளவர்களிடமும் அதே போக்கு தெரிந்தது. இருவருக்கும் ஒரே வகைக் கைரேகை என்று சொன்னபோது, அது அபூர்வமான வகை என்று நம்பியவர்கள் சாதாரண வகை என்று நம்பியவர்களைவிட அதிகம் உதவினார்கள். ஒற்றுமை எவ்வளவு அரிதோ அவ்வளவு இளகுகிறோம். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பெயர்தான் தொழிலைத் தீர்மானிக்கிறது, வாழும் ஊரைத் தீர்மானிக்கிறது என்றெல்லாம் 2002இல் ஒரு கட்டுரை பிரபலமானது. 2011இல் யூரி சிமோன்சோன் அந்தத் தரவுகளையே எடுத்துப் பல இடங்களில் அது நிற்காது என்று காட்டினார். ஆகவே பெயர் ஒன்று, ஆகவே குணமும் ஒன்று என்று யாராவது எண் கணிதத்தோடு வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

நான் பேசியிருக்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் ஒரு தேவர்பிரானுக்கு வரவேண்டிய பள்ளிக் கட்டண நினைவூட்டல் எனக்கு வந்துகொண்டிருந்தது. பெயரை மட்டும் வைத்து மின்னஞ்சல் முகவரி எடுத்த அரிய பெயர்க்காரர்களுக்கு இது தெரிந்த தொல்லை. அவரைக் கண்டுபிடித்துப் போன் செய்தேன். "ஹலோ, நான் தேவர்பிரான் பேசுறேன்." அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. "நானும் தேவர்பிரான்தான்." ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லி இன்னொருவரைக் கூப்பிட நாக்கு வரவே வராது, செய்து பாருங்கள். நல்லவேளையாக எங்கள் பக்கம் 'அண்ணாச்சி' இருக்கிறது. யார் பெரியவர் என்று கேட்காமலேயே இருவரும் இருவருக்கும் அண்ணாச்சி ஆனோம். "அண்ணாச்சி, உங்களுக்கு யார் பேரு? தாத்தா பேரா?" என்று கேட்டேன். "தாத்தாவுக்குத் தாத்தா பேரு அண்ணாச்சி, எங்க தாத்தாவுக்கு வேற" என்றார். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரவேண்டிய பெயர், நடுவில் ஒருமுறை நின்றுபோய்ப் பிறகு திரும்ப எடுத்திருக்கிறார்கள். அதற்கு ஏதாவது காரணம் இருக்கும், முதல் பேச்சில் கேட்கிற விஷயம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பத்திரிகை தந்த வீட்டாரிடமே விசாரித்துவிடலாம், அதைவிட லேசான வழி இல்லை. பெயர் மணமக்களுடையதா, பெரியவருடையதா என்று முதலில் பாருங்கள். பெரியவருடையது என்றால் நேரில் போய்ப் பாருங்கள், அவரிடம் உங்கள் பெயரின் கதையே இருக்கக்கூடும். எந்த ஊர், யார் பெயர், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், இந்த மூன்றைக் கேட்டால் போதும், பேச்சு தானாக நடக்கும். சாதியைத் தோண்டுகிற மாதிரி கேட்காதீர்கள். ஊர் கேட்பதும் அதுவும் நம் நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குரலில் கவனம் வேண்டும். மணமகன் அல்லது மணமகள் என்றால் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பேசுங்கள். மண்டபத்தில் வரிசையில் நின்று, போட்டோவுக்கு நடுவில், "என் பேரும் இதுதான்" என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் ஏறாது. எழுதியோ பேசியோ பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சிலருக்குத் தங்கள் அபூர்வப் பெயரே பிடிக்காது, பள்ளியில் பட்ட கேலி இருக்கும், வீட்டில் வேறு பெயரில் வாழ்வார்கள். மொய்க் கவரில் மட்டும் உங்கள் பெயரை இன்ஷியலோடு தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் மாப்பிள்ளையே தனக்கு மொய் எழுதிக்கொண்டதாக நோட்டில் ஏறிவிடும்.